மின்கம்பத்து நிழல்

பேருந்து நிறுத்தம் என்று பெயர்தான். கூரை கிடையாது. இருந்த புளியமரங்களும் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன. தூத்துக்குடிக்குப் போகும் அந்தச் சாலையோரத்தில், கத்திரி பிறந்த மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு நாங்கள் ஏழு பேர் நின்றிருந்தோம். நின்ற விதத்தைத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு மின்கம்பம். அதன் நிழல் மேற்கே இருபது அடிக்குக் கோடு கிழித்ததுபோல் விழுந்து கிடந்தது; அகலம் ஒரு முழம்கூட இராது. அந்தக் கோட்டின்மேல் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். ரேஷன் கடையில் அதட்டினாலும் வரிசைக்கு வராத சனம் நாம். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை; வந்தவரெல்லாம் பேசாமல் கடைசி ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். பேருந்து முக்கால் மணி நேரம் தாமதம். வெயில் ஏற ஏற நிழல் கம்பத்தை நோக்கிச் சுருங்கியது, வரிசையும் நெருங்கியது. முன்னால் நின்றவரின் காலரில் காய்ந்திருந்த வியர்வைக் கோட்டை எண்ணும் தூரத்துக்கு வந்துவிட்டேன்.

எதிரே டீக்கடை. தம்ளர் கழுவிய தண்ணீரை ஊற்றும் இடத்தில் ஒரு செவலை நாய். முன்னங்கால்களால் மேல்மண்ணைப் பறித்துத் தள்ளியது. ஈரமண் தெரிந்ததும் அதில் வயிற்றை வைத்து, பின்னங்கால்களைத் தவளைபோல் பின்னுக்கு நீட்டி, மொத்த உடம்பையும் தரையோடு ஒட்டிக்கொண்டது. வயிற்றில்தான் அதற்கு முடி குறைவு. சூடு இறங்க வசதியான இடம் அதுதான். நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கி, வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

நாய்க்கும் எங்களுக்கும் உத்தரவு எங்கிருந்து வந்தது? நான் யோசித்து நிழலுக்குள் போகவில்லை. போய் நின்ற பிறகுதான் நிற்கிறேன் என்பதே தெரிந்தது.

பாடப்புத்தகம் உடனே பதில் சொல்லிவிடும்: ஹைப்போதாலமஸ். மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற, நான்கு கிராம் அளவேயான சதை. அதன் முன்னோரத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வெப்பத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. 1912-இல் ஹென்றி பார்பர் என்பவர் முயல்களின் மூளைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த இடத்தை மட்டும் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்த்தார். சூடாக்கினால் முயலின் உடல் வெப்பம் இறங்கியது. குளிர்வித்தால் முயல் நடுங்கி, உடல் வெப்பம் ஏறியது. அறையில் எதுவும் மாறவில்லை. மூளையின் ஒரு மூலைக்குச் சொல்லப்பட்ட பொய்யை உடம்பு முழுக்க நம்பியது. 1938-இல் சிகாகோவில் மகூன், ரான்சன் குழுவினர் பூனைகளின் மூளையில் இதே வட்டாரத்தை உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சூடேற்றியபோது, பூனை நாயைப்போல் இளைத்தது, பாதங்களில் வியர்த்தது. 1960களின் தொடக்கத்தில் நாகயாமாவும் சகாக்களும் தனித்தனி நரம்பணுக்களில் நுண்முனையை வைத்துக் கேட்டார்கள். அந்தப் பகுதியின் சில நரம்பணுக்கள் சூடு ஏற ஏறத் துடிப்பைக் கூட்டிக்கொண்டே போயின.

இதற்கப்புறம் உவமை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபிரிட்ஜில் இருக்கிறதே, தெர்மோஸ்டாட், அதுதான் ஹைப்போதாலமஸ். 37 டிகிரி செல்சியஸ் என்று திருகி வைத்திருக்கிறது. கூடினால் வியர்வையைத் திறக்கும், குறைந்தால் நடுக்கத்தை முடுக்கும். நானும் நெடுங்காலம் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லா அலுவலகத்துக்கும் ஒரு மேலாளர் இருப்பார் என்று நினைத்தே வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் மிகவும் பிடித்துப்போகும்.

படத்தில் கீறல் விழுந்த கதைதான் எனக்குச் சுவாரசியம். எலிகளின் மூளையில் அந்த முன்பகுதியைச் சிதைத்துவிட்டார்கள். தெர்மோஸ்டாட் போய்விட்டது. எதிர்பார்த்தபடியே, குளிரில் வைத்தால் அந்த எலிகளால் உடல் வெப்பத்தைக் காக்க முடியவில்லை. ஆனால் கூண்டில் ஒரு லீவரை வைத்து, அழுத்தினால் சூட்டு விளக்கு எரியும் என்று ஏற்பாடு செய்தபோது, அவை அழுத்தி அழுத்தித் தங்கள் வெப்பத்தைச் சரியாக வைத்துக்கொண்டன. 1970-இல் எவலின் சாட்டினாஃபும் ரட்ஸ்டீனும் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே லிப்டன் என்பவர் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார்: இதேபோல் மூளை சிதைந்த எலிகள், வெப்பத்தை நிறுத்தும் லீவரை அழுத்தத் தெரிந்துவைத்திருந்தன. உடம்பின் உள்வேலையை நடத்தும் இடம் போன பிறகும், எழுந்து போய் நிழலைத் தேடும் புத்தி போகவில்லை. இரண்டுக்கும் ஒரே முதலாளி இல்லை.

1974-இல் ராபர்ட்ஸும் மூனியும் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். வெப்பத்தில் எலி செய்யும் காரியங்கள் சில உண்டு. எச்சிலை உடம்பெல்லாம் நக்கிப் பூசிக்கொள்ளும், ஏனென்றால் நம்மைப்போல் அதற்கு வியர்க்காது. டீக்கடை நாய்போல் நீட்டிப் படுக்கும். இடம் மாறி அலையும். வாலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூட்டை வெளியே விடும். மூளையில் வெவ்வேறு புள்ளிகளைச் சூடேற்றிப் பார்த்தால், ஒரு புள்ளியில் நக்கல் வந்தது, இன்னொன்றில் நீட்டிப் படுப்பது வந்தது, வேறொன்றில் வால் சூடானது. எல்லாம் சேர்ந்து ஓர் உத்தரவாக வரவில்லை.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்த் தேர்தான் ஞாபகத்துக்கு வந்தது. வடம் பிடிக்கிற நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தேரின் சக்கரம் கண்ணில் படாது. கையில் வடத்தின் இழுப்பு மட்டும் தெரியும். முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வடம் தெரியாது. அவர்கள் கண் சக்கரத்தை விட்டு அகலாது. பின்னால் நெம்புகோல் போடுகிறவர்களுக்கு இரண்டுமே தெரியாது. விசில் ஊத ஒருவர் இருக்கிறார்தான், ஆனால் அந்த மேளத்திலும் கூச்சலிலும் விசிலை யார் கேட்டார்கள்? இத்தனை பேரையும் ஒன்றுசேர்ப்பது தேர்தான். அது நகர்கிறது, சாய்கிறது, நிற்கிறது. ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் தெரிகிற அசைவுக்குத் தக்கபடி தன் வேலையைச் செய்கிறார். உடல் வெப்பத்தைப் பற்றி இன்று பல உடலியலாளர்கள் சொல்வது இதற்கு வெகு அருகில் இருக்கிறது. வியர்வைக்கு ஒரு சுற்று, தோலின் இரத்த ஓட்டத்துக்கு ஒரு சுற்று, நடத்தைக்கு ஒரு சுற்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடக்கப் புள்ளி. எல்லாவற்றையும் கட்டி வைப்பது அவை பொதுவாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று: உடம்பின் சூடு. ஒரு சுற்று சூட்டைக் குறைத்துவிட்டால் அடுத்ததற்கு வேலை இல்லை. நிழலுக்குள் நகர்ந்துவிட்டவனுக்கு அவ்வளவு வியர்க்க வேண்டியதில்லை.

பல சுற்றுகள் என்பதால் அந்த முன்பகுதிக்கு முக்கியத்துவம் குறைந்துவிடாது. 2016-இல் சான் பிரான்சிஸ்கோவில் சக்கரி நைட்டின் ஆய்வகம், சுண்டெலியின் அந்த இடத்தில் வெம்மைக்குத் துடிக்கும் நரம்பணுக்களை மட்டும் தேர்ந்து தூண்டியபோது உடல் வெப்பம் மளமளவென்று இறங்கியது. சுண்டெலியின் நடத்தையும் கூடவே மாறியது. தேரில் எல்லா வடமும் ஒரே தடிமன் இல்லை, அவ்வளவுதான்.

செய்தி மேலே போகும் பாதையும் இப்படித்தான். தோலில் பட்ட வெம்மை முதுகுத்தண்டுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கிளை தலாமஸ் வழியாக மூளைப் புறணிக்குப் போய், 'இடது கன்னத்தில் சுடுகிறது' என்று நமக்குச் சொல்கிறது. இன்னொரு கிளை மூளைத்தண்டில் பாராபிராக்கியல் என்ற நரம்பணுக் கொத்துக்குப் போய் அங்கிருந்து ஹைப்போதாலமஸை எட்டுகிறது. நகோயாவில் கசுஹிரோ நாகமுராவின் குழு 2017-இல் எலிகளில் முதல் பாதையை அறுத்துப் பார்த்தது. வெப்பத்தை விட்டு விலகும் நடத்தை அப்படியே இருந்தது. இரண்டாவது பாதையை முடக்கினால்தான் எலி எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. சுடுகிறது என்று அறிவது ஒரு வேலை, விலகுவது வேறு வேலை. எலியைப் பற்றிய செய்திதான். மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கம்பத்து நிழலில் நின்ற பிறகு நிற்பதை அறிந்த எனக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

பேருந்து வராததால் வரிசையை விட்டு டீக்கடைக்குப் போனேன். அந்த வெக்கையில் ஆவி பறக்கிற டீ. கடைக்காரர் தம்ளரை நீட்டிக்கொண்டே, "குடிங்க சார், வேர்த்து விட்டா குளுந்துரும்" என்றார். இந்த வாக்கியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஒலி ஜேயும் சகாக்களும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு 50 டிகிரித் தண்ணீரும் பனிக்கட்டிக் குளிருள்ள தண்ணீரும் கொடுத்து அளந்தார்கள். முடிவு 2012-இல் வந்தது. சூடான நீர் குடித்தபோது வியர்வை கூடியது. குடித்த நீர் ஏற்றிய சூட்டைவிடக் கூடுதலாகச் சுரந்த வியர்வை இறக்கிய சூடு அதிகம். பிறகு குழாய் வழியாக நேராக இரைப்பைக்கே நீரை விட்டுப் பார்த்தார்கள். வாய் கொப்பளித்து மட்டும் துப்பச் சொன்னார்கள். வியர்வையை மாற்றியது வாய் இல்லை, வயிறு. அங்கேயும் வெப்பம் அறியும் நரம்புகள் இருக்கின்றன. கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும்.

நிபந்தனை சின்னதாகத் தெரிகிறது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை உண்டாக்குகிறது. வெளியேற வழியை அடைத்துவிட்டால் மணிக்கு ஒரு டிகிரி ஏறும். மண்வெட்டி பிடித்தால் நான்கைந்து பல்பு. தோலின் இரத்த ஓட்டம் சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் கீழே. கடும் வெப்பத்தில் ஏழெட்டு லிட்டர் வரை போகும். இதயம் அந்த அளவுக்கு அடிக்க வேண்டும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற பங்கைக் குறைத்துத்தான் இந்தத் தானம். காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால் இதுவும் உதவாது, வெளியிலிருந்து உள்ளேதான் சூடு வரும். அப்போது மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 580 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. நாடியில் வழிந்து சொட்டும் வியர்வை ஒன்றையும் எடுத்துப் போவதில்லை; வீண் செலவு.

1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்களோடு, கொதிநிலையையும் தாண்டிச் சூடேற்றிய அறைக்குள் சில நிமிடங்கள் நின்று வெளியே வந்தார். அதே அறையில் வைத்த முட்டையும் இறைச்சித் துண்டும் வெந்துபோயின. ஆட்கள் வேகவில்லை. வறண்ட காற்றில் வியர்வை பட்டவுடன் ஆவியானதுதான் காரணம். இதே பரிசோதனையை ஈரக் காற்றில் செய்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும்.

நம் மொழிக்கு இந்த வேறுபாடு எப்போதோ தெரியும். வேலூரில் அடிப்பது வெக்கை. சென்னையில் இருப்பது புழுக்கம். 'வெப்பம்' என்று வானிலை அறிக்கை இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறது, ஆனால் வேலூரில் 42 டிகிரியைத் தாங்கிய ஆள் சென்னையில் 36 டிகிரியில் சுருண்டுபோவான். புழுங்கல் அரிசி எங்கிருந்து பெயர் பெற்றதோ அங்கிருந்துதான் புழுக்கமும் வந்தது. உமியோடு ஆவியில் வேகும் நெல்லின் நிலைமை அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் கொண்டு விஞ்ஞானிகள் அளப்பது இதைத்தான். அந்த ஈரக்குமிழ் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் துணியில்லாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவனாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் ஷெர்வுட்டும் ஹூபரும் கணக்கிட்டார்கள். பின்னர் இளைஞர்களை வைத்து நேரடியாகச் செய்து பார்த்த பரிசோதனைகள், அந்த எல்லை அதற்குச் சில டிகிரி கீழேயே வந்துவிடுகிறது என்று காட்டின.

மூளை இதையெல்லாம் நமக்கு எப்படித் தெரிவிக்கிறது? எண்ணாகச் சொல்வதில்லை. இன்பமாகவும் எரிச்சலாகவும் சொல்கிறது. மிஷேல் கபனாக் என்ற பிரெஞ்சு உடலியலாளர் 1971-இல் எழுதிய கட்டுரை ஒன்று, நான் படித்த அறிவியல் கட்டுரைகளிலேயே கவிதைக்கு மிக அருகில் இருப்பது. ஆட்களைத் தொட்டியில் உட்கார வைத்து உடம்பின் உள்வெப்பத்தை ஏற்றியும் இறக்கியும் வைத்தார். பிறகு ஒரு கையை மட்டும் வெவ்வேறு சூடுள்ள நீரில் வைக்கச் சொல்லி, சுகமாக இருக்கிறதா என்று கேட்டார். உள்வெப்பம் ஏறியிருந்தவர்களுக்குக் குளிர்ந்த நீர் சொர்க்கம். உள்வெப்பம் இறங்கியிருந்தவர்களுக்கு அதே நீர் வேதனை. தண்ணீரின் குளிர் மாறவில்லை, கையும் மாறவில்லை. கோடையில் வெளியே போய் வந்ததும் மண்பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது வருகிற சுகம் பானைக்குள் இல்லை என்று இதற்கு அர்த்தம். மூன்றாவது தம்ளரில் அது காணாமல் போய்விடுவதை எல்லோரும் கவனித்திருப்போம். தேவை தீர்ந்ததும் கூலி கொடுப்பதை மூளை நிறுத்திவிடுகிறது.

காய்ச்சலும் வெயிலும் ஒரே 39 டிகிரியைக் காட்டினாலும் மூளை எடுக்கிற முடிவு எதிரெதிர். காய்ச்சலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் ஹைப்போதாலமஸின் கணக்கையே உயர்த்திவிடுகிறது. ஆகவே 39-இல் கொதித்துக்கொண்டே குளிருகிறது என்று கம்பளியை இழுத்துப் போர்த்துகிறோம். வெயிலில் ஏறிய 39-இல் சட்டையைக் கழற்றுகிறோம். ஆஸ்பிரின், பாராசிட்டமால் எல்லாம் முதல் வகைக்குத்தான். வெயிலில் சுருண்டவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது பயனற்றது. உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும்.

மூளையை ஏமாற்றுவதும் முடியும். தினமும் ஏமாற்றுகிறோம். மிளகாயின் காரத்தைத் தருகிற கேப்சைசின், தோலிலும் நாக்கிலும் இருக்கும் ஓர் ஏற்பியைத் திறக்கிறது. அதே ஏற்பிதான் 43 டிகிரிச் சூட்டிலும் திறக்கும். 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்தது. 2021-இல் அவர் ஆர்டெம் படபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரக்குழம்புச் சோற்றில் நெற்றி வியர்ப்பது, வராத வெயிலுக்கு மூளை கொடுத்த பதில். ஹங்கேரிக்காரர்கள் இதை எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டார்கள், அவர்களும் மிளகாய்க்காரர்கள்தானே. 1878-லேயே எண்ட்ரே ஹோஜெஷ், மிளகாய்ச் சாற்றால் நாய்களின் உடல் வெப்பம் இறங்குவதைப் பதிவுசெய்தார். பின்னாளில் மிக்லோஷ் யான்சோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும், பெருமளவு கேப்சைசின் கொடுத்து அந்த நரம்புகளை மரத்துப்போகச் செய்த எலிகள் வெப்பத்தில் தங்களைக் காத்துக்கொள்ள முடியாமல் திணறியதைக் கண்டார்கள். இதன் மறுபாதி இன்னும் விசித்திரம். அந்த ஏற்பியை அடைத்து வலியைப் போக்கலாம் என்று மருந்து செய்தவர்கள், மனிதர்களிடம் சோதித்தபோது சிலருக்கு உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கண்டு சோதனையை நிறுத்த வேண்டிவந்தது. வெளியே வெயிலும் இல்லை, உடம்பில் கிருமியும் இல்லை. சூடு இருக்கிறது என்ற செய்தி வருவது நின்றதும், உடம்பு சூட்டைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவன் முதல் வாரம் தவித்து, இரண்டாம் வாரம் நடமாடுகிறான். வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, கூடுதலாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதெல்லாம் பழைய செய்தி. ஹைடல்பர்க்கில் யான் சீமன்ஸின் குழு அண்மையில் கண்டது, சுண்டெலிகளைத் தொடர்ந்து பல நாட்கள் 36 டிகிரியில் வைத்தால் அந்த முன்பகுதியின் சில நரம்பணுக்கள் தம் இயல்பையே மாற்றிக்கொண்டு, தூண்டாமலே இடைவிடாமல் துடிக்கத் தொடங்குகின்றன என்பது. வெப்பத்தைப் பழகுவது தோலின் வேலை என்று நினைத்தோம். மூளையும் பாடம் படிக்கிறது. அதற்கு வெகுமுன்பே ஜப்பானில் யாஸ் குனோ என்பவர் வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளை எண்ணிப் பார்த்து, பிறந்த முதல் இரண்டு, இரண்டரை ஆண்டுகளை எந்தத் தட்பவெப்பத்தில் கழித்தோம் என்பதே அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னார். ஏசி அறையில் தவழும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் குனோவின் நினைப்பு வருகிறது. பெற்றோரிடம் சொல்வதில்லை, சொன்னால் நம்மை அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள்.

இத்தனை சுற்றுகளிலும் விலை குறைந்தது நடத்தைதான். வியர்வைக்குத் தண்ணீரும் உப்பும் செலவு. தோலுக்கு இரத்தம் அனுப்ப இதயத்தின் உழைப்பு செலவு. நான்கு அடி நகர்ந்து நிழலுக்குள் போக ஒரு செலவும் இல்லை. அதனால்தான் உடம்பு முதலில் அதைக் கேட்கிறது, மற்றவற்றை மிச்சம் பிடிக்கிறது. டீக்கடை நாய் மண்ணைப் பறித்தது இந்தக் கணக்கில்தான். கேட்டது கிடைக்காவிட்டால்தான் சுமை முழுவதும் வியர்வைமீதும் இதயத்தின்மீதும் ஏறுகிறது. கடைசியில் உள்வெப்பம் 40-ஐத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது மூளையே. ஆள் குழறுகிறார், எரிந்து விழுகிறார், நிழலுக்குக் கூட்டிப்போக வந்தவரைத் தள்ளிவிடுகிறார். போ என்று சொல்ல வேண்டிய இடமே வெந்துகொண்டிருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் வெப்பத்தில் இறந்தபோது பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வசித்தவர்கள். வயதானால் தாகமும் வியர்வையும் மங்கிவிடும். எழுந்து ஜன்னலைத் திறக்கத் தோன்றாதவருக்குத் திறந்துவிட வேறொரு கை வேண்டும்.

பேருந்து வந்தது. அன்று நான் போய்க்கொண்டிருந்தது தூத்துக்குடிக்கு வெளியே ஓர் உப்பளத்துக்கு. போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள், ஒரு மரம் கிடையாது. மேலே ஒரு சூரியன், கீழே உப்பின் வெள்ளைப்பரப்பில் இன்னொன்று. இங்கே கம்பத்தின் நிழல்கூட அதன் காலடியோடு நின்றுவிட்டது. வேலையை விடியலுக்கு முன்பே, இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் தொடங்கிவிடுகிறார்கள். நேரத்தை மாற்றிக்கொள்வது ஒன்றுதான் அவர்களுக்கு வாய்த்த நிழல். தண்ணீர் ஆவியாகி உப்பு தங்குவதுதான் அந்த இடத்தின் தொழிலே. வெயில் உறைத்தால் விளைச்சல். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டி, பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்த பெண்ணின் முதுகிலும் அதே தொழில் நடந்துகொண்டிருந்தது. நீலச்சட்டையில் வெள்ளைக் கோடுகள், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, குளம் வற்றிய கரைபோல.

1940களில் எட்வர்ட் அடால்ஃப் பாலைவனத்தில் படைவீரர்களைப் பின்தொடர்ந்து அளந்தபோது, கையில் தண்ணீர் இருந்தும் வியர்வையாகப் போனதில் ஒரு பங்கைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள் என்று கண்டார். தாகம் எப்போதும் பின்தங்கியே வருகிறது. உப்பளங்களில் அதையும் அடக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆய்ந்து, வெப்பச் சுமையையும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவுசெய்திருக்கிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதும் அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். கழிப்பறைக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

அந்தப் பெண் வாருபலகையைச் சாய்த்துவிட்டுக் கரைக்கு வந்தார். தூக்குவாளிக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில், ஈரச்சாக்கு சுற்றியது. மூடிக்குக் கீழே நான்கு விரற்கடைதான் குறைந்திருந்தது. ஒரு மடக்கு எடுத்து, வாயில் வைத்துச் சுழற்றி, பாதியைத் துப்பினார்.

"தாகம் எடுக்கலையாக்கா?"

"எடுக்கும் அண்ணாச்சி" என்றார், பாட்டிலை மூடிக்கொண்டே. "கொஞ்ச நேரம் பொறுத்தா அதுவா போயிரும்."